உள்ளே வழி வெட்டியவர்கள்

சத்யபிரியாவுக்குக் கோபம் வரும் என்பது மல்லசமுத்திரத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும். பால்காரரோ பஞ்சாயத்துக்காரரோ, யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். கேட்டு முடித்த கையோடு சிரித்தும் விடுவாள். ஆனால் தெருவுக்குக் கோபம்தான் நினைவில் நின்றது, சிரிப்பு நிற்கவில்லை. அதனால், கல்யாணமான முதல் வருஷமே, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு இருந்தவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று தெரிந்தபோது, காரணம் தேடி யாரும் வெகுதூரம் போகவில்லை.

கண்டுபிடித்தது கிராமச் செவிலியர் ரஞ்சனி. சித்திரை வெயிலில் நடந்துவந்த சத்யபிரியாவை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

“தலை வலிக்குதுங்களா அக்கா?”

“வெயில்ல வந்தனில்ல, கொஞ்சம் இருக்குதுங்க. ஏன், எவ்வளவு காட்டுது?”

“நூத்தியம்பதத் தாண்டுதுங்க. போன தடவை நல்லாத்தான இருந்துது?”

சிறுநீரில் நனைத்த மஞ்சள் பட்டை கண்ணெதிரே பச்சையாக மாறியது. புரதம் இறங்குகிறது என்றாள் ரஞ்சனி. அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். காலில் வீக்கம் கூடினாலோ, கண்ணில் பூச்சி பறந்தாலோ, மேல்வயிறு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் அன்று முதல் சட்டம் மாறியது. மாமியார் சௌந்திரம் ஊறுகாய் ஜாடியை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டில் சண்டை என்றால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். சத்யபிரியா குரலை உயர்த்தினாலே கையைப் பிடித்துக்கொள்வார்.

“கோவிச்சுக்காத சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும். பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ.”

அதில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஆனால் சத்யபிரியாவுக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரியே காதில் விழுந்தது. உப்பைக் குறைத்தாள், மாத்திரையை நேரம் தவறாமல் போட்டாள், கோபத்தை விழுங்கினாள். அழுத்தம் மட்டும் இறங்கவில்லை.

கணவன் வேலுமணி சத்தீஸ்கரில் இருந்தான். போர்வெல் லாரியில் துளை போடுகிற வேலை. ஆவணியில் கல்யாணம், பத்துப் பதினைந்து நாள் கூட இருந்துவிட்டு, வடக்கே மழை விட்டதும் வண்டியோடு அங்கே போனவன்தான். அவன் போன பிறகுதான் அவளுக்கே நாள் தள்ளியது தெரிந்தது. போனில் பேசும்போதெல்லாம் பின்னால் கம்ப்ரசர் அலறும்.

“நீ எதையும் மனசுல போட்டுக்காத பிரியா. டென்ஷன் ஆகாத.”

“அல்லாரும் என்ற மனசையே சொல்றீங்க. செருப்புக்குள்ள காலு போக மாட்டேங்குது, மோதரம் கழல மாட்டேங்குது. அதக் கேளுங்க மொதல்ல” என்றாள் அவள். பிறகு, கோபப்பட்டுவிட்டோமே என்று பயந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் மாதம் பிறந்த சமயம், ஒருநாள் காலை தலைவாரும்போது கண்ணாடியின் ஒரு பாதி காணாமல் போனது. மீதிப் பாதியில் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகள் மினுங்கிக்கொண்டிருந்தன. விலா எலும்புக்குக் கீழே யாரோ முட்டி போட்டு அழுத்துவது போல ஒரு வலி. “அத்தை” என்று கூப்பிட்டாள். ஓடிவந்த சௌந்திரம் அவள் முகத்தைப் பார்த்தார். ஊதிப்போன அந்த முகத்தில் எதைக் கண்டாரோ, அப்படியே திரும்பித் தெருவுக்கு ஓடினார். செருப்புப் போடாமல், முந்தானை தரையில் புரள அவர் ஓடுவதைத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸ் ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலத்துக்குப் பறந்தது. ரஞ்சனி கூடவே வந்தாள். சௌந்திரம் மருமகளின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “ஜன்னி வந்துரக் கூடாது, ஜன்னி மட்டும் வந்துரக் கூடாது” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கைகள் தன் விரல்கள் வலிக்கும் அளவுக்கு இறுகுவதைச் சத்யபிரியா உணர்ந்தாள். ஏன் என்று கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் வலிப்பு வராமல் இருக்க ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை அடுப்பு வாய்க்கு முன்னால் நின்றது போல வெக்கை ஓடியது. அழுத்தம் கொஞ்சம் பிடிக்குள் வந்தது. தாயைக் காப்பாற்ற வேண்டுமானால் குழந்தையை இப்போதே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் முன், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி கட்டிலருகே வந்து நின்றார். நடுத்தர வயது, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெயர் கோகிலவாணி, திசுக்களைச் சோதித்து நோயைக் கண்டறிகிற நோய்க்கூறியல் டாக்டர் என்று சொன்னார்.

“பிரியா, குழந்தை வந்ததுக்கு அப்புறம் நஞ்சு வரும் இல்லையா, அதை நான் பரிசோதனைக்கு எடுத்துக்கலாமா? இந்த ரத்த அழுத்தம் ஏன் வருதுன்னு நான் படிச்சிட்டிருக்கேன். உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா வேண்டாம். சிகிச்சையில எந்த மாத்தமும் இருக்காது.”

“அது எதுக்குங்க உங்களுக்கு? மண்ணுல போட்டு மூடற சமாச்சாரம்” என்றார் சௌந்திரம்.

சத்யபிரியா தலையைத் திருப்பிப் பார்த்தாள். “எடுத்துக்கோங்க டாக்டர். ஆனா ஏன் வந்துச்சுன்னு எனக்குச் சொல்லோணும்.”

“சொல்றேன்” என்றார் கோகிலவாணி.

நடுப்பகலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அழுதது என்று சொல்ல முடியாது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோனார்கள்.

வேலுமணி கிடைத்த ரயிலைப் பிடித்து, சேலம் ஜங்ஷனில் இறங்கி, நேரே வந்தான். கால்சட்டையில் துளைச்சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று மகளைப் பார்த்தான். தோல் வழியாக நரம்பெல்லாம் தெரிந்தது. “இது பொழைக்குமுங்களா?” என்று கேட்க வாயைத் திறந்து, கேட்காமல் மூடிக்கொண்டான்.

குழந்தை பிழைத்தது. நாள் போகப் போகக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சத்யபிரியாவின் அழுத்தமும் மெல்ல மெல்ல இறங்கியது. தினமும் மகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கச் சொன்னார்கள். சிட்டுக்குருவி கனம்தான் இருக்கும். அந்தச் சின்ன மூச்சு தன் தோலில் படும்போதெல்லாம் அவளுக்குள் ஒரே கேள்வி எழுந்து எழுந்து அடங்கியது. நான் கோபப்பட்டதால்தானா? நான் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்தால் இவள் இன்னும் உள்ளே இருந்திருப்பாளா?

கோகிலவாணி ஒருநாள் வார்டுக்கு வந்தபோது, சுற்றி யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிட்டாள்.

“டாக்டர், கோவத்துனால ஆச்சுங்களா?”

கோகிலவாணி குழந்தையின் உச்சியை ஒரு விரலால் தொட்டார். “உங்க நஞ்சோட ஸ்லைடு தயாராயிடுச்சு. நடக்க முடியும்னா, வந்து உங்க கண்ணால பாருங்க. சொன்னா நம்புறது வேற, பாக்குறது வேற.”

குழந்தையைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டு, சத்யபிரியாவும் வேலுமணியும் டாக்டரின் பின்னால் போனார்கள். சௌந்திரம் வர மாட்டேன் என்றார். பிறகு, தனியே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பின்னாலேயே வந்தார்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. கோகிலவாணி ஒரு பக்கம் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் சத்யபிரியாவை உட்காரவைத்தார். “முதல்ல வேற ஒரு அம்மாவோடது. சுகப் பிரசவம், பிரஷர் எதுவும் இல்லை. பாருங்க.”

முதலில் ஒன்றும் தெரியவில்லை. தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு திடீரென்று ஒரு நாடு திறந்துகொண்டது. ரோஸ் நிறத்தில் நிலம், ஊதாவில் புள்ளிகள், நடுவே அகன்ற ஏரி போல ஒரு வெளி. கல்யாணத்துக்கு முன் சத்யபிரியா நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவள். முட்டையை விளக்கில் காட்டி, உள்ளே சிலந்தி கால் விரித்தது போலச் சிவப்பு நரம்பு ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். பார்க்க ஆரம்பித்த புதிதில் மூச்சு நின்றது, பிறகு பழகிவிட்டது. இப்போது மறுபடியும் மூச்சு நின்றது.

உள்ளே ஒரு சின்ன அம்பு நகர்ந்து ஏரியைச் சுட்டியது. “இது ரத்தக்குழாய். கர்ப்பப்பையிலிருந்து நஞ்சுக்கு ரத்தம் கொண்டு போற குழாய். கர்ப்பத்துக்கு முன்னாடி இது ஊசி மாதிரி இருக்கும். சுத்தியும் தசை, முறுக்கிக்கிட்டு இருக்கும். கரு தங்கின முதல் சில மாசத்துல இந்தத் தசையெல்லாம் கரைஞ்சு, இப்படி அகலமாகணும். அப்பத்தான் குழந்தைக்கு வேண்டிய ரத்தம் அடிச்சுப் பாயாம, அமைதியா நிறைஞ்சு போகும்.”

“யாரு கரைக்கறது?” என்று கேட்டான் வேலுமணி. பைப்பும் அழுத்தமும் அவன் வாழ்நாள் வேலை. அவனையறியாமல் முன்னால் வந்து நின்றிருந்தான்.

“அதைத்தான் காட்டப் போறேன்.” கோகிலவாணி ஸ்லைடை மாற்றினார். அதே இடம், வேறு சாயம். நிலம் வெளிறிக் கிடக்க, குழாய்களைச் சுற்றிக் காப்பிப்பொடி தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். “ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெள்ளையணு. நோய்க்கிருமி வந்தா சண்டை போடுற கூட்டம். அதுலயும் இவங்க பேரே கொல்லிச் செல். உடம்புல வேற எங்க இருந்தாலும், சந்தேகம் வந்தா அடுத்த செல்லைக் கொன்னு போடுறதுதான் வேலை.”

“இத்தனை பேரு உள்ள எதுக்குங்க?” என்றாள் சத்யபிரியா. குரல் தானாகவே தாழ்ந்திருந்தது, கோயிலுக்குள் பேசுவது போல.

“நானும் படிக்கும்போது அதைத்தான் கேட்டேன். உள்ள வந்திருக்கிற குழந்தை யாரு? பாதி நீங்க. மீதிப் பாதி அவர். உங்க உடம்பைப் பொறுத்தவரைக்கும் அவர் அந்நியர். அந்நியரோட அடையாளத்தைச் சுமந்துக்கிட்டு ஒரு உயிர் உங்க சதைக்குள்ள வேர் விடுது. காவல்காரங்க சும்மா இருப்பாங்களா? கும்பலா ஓடி வர்றாங்க. வந்து...” அம்பு பழுப்புப் புள்ளிகளின் நடுவே மெல்ல ஊர்ந்தது. “வந்து, கொல்றதில்லை. இங்க வந்ததும் இவங்க குணம் மாறிடுது. குழாயோட சுவரை இளக்குறதுக்கான சரக்கைச் சுரக்குறாங்க. அந்தப் பக்கத்திலிருந்து குழந்தையோட செல்கள் வருது. ரெண்டு கூட்டமும் சேர்ந்து தசையைக் கரைச்சு, வழியை அகலமாக்குது. கொல்ல வந்தவங்க வழி வெட்டிக் குடுக்குறாங்க.”

வேலுமணி குனிந்து, மனைவியின் தலைக்கு மேலாக மைக்ராஸ்கோப்பை எட்டிப் பார்த்தான்.

“அப்ப...” என்றான். “என்ற அடையாளத்தப் பாத்துட்டும் இவ ஒடம்பு உட்டுச்சுங்களா?”

“விட்டது மட்டும் இல்லைங்க. இடம் பண்ணிக் குடுத்துது. இவங்களுக்கே தெரியாம. நீங்க சத்தீஸ்கர்ல இருந்தப்ப.”

வேலுமணி மனைவியைப் பார்த்தான். அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. அவன் கை தானாகப் போய் அவள் தோளில் உட்கார்ந்தது. அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் மறந்து அங்கேயே இருந்தது.

“இப்ப உங்களோடது” என்றார் டாக்டர்.

சத்யபிரியாவின் ஸ்லைடில் ஏரி இல்லை. சின்னச் சின்ன வளையங்கள் இருந்தன. தடித்த சுவர், நடுவே குண்டூசி நுழைகிற அளவு துளை. சில வளையங்களின் சுவரில் கொழுப்பு படிந்து நுரைத்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அகலமாகலைங்க” என்றாள்.

“ஆமாம். குழந்தை வளர வளர ரத்தம் போதலை. நஞ்சு திணறுது. திணறும்போது அது உங்க ரத்தத்துல சில பொருளைக் கலக்குது. உடம்பு முழுக்க இருக்கிற ரத்தக்குழாயோட உள்தோல் அதனால புண்ணாகுது, குழாயெல்லாம் இறுகுது. அழுத்தம் ஏறுது. தலைவலி, வீக்கம், கண்ணுல ஒளி, எல்லாம் அதோட விளைவுதான். இதோட ஆரம்பம் உங்களுக்கு வயிறே தெரியாத மாசங்கள்ல. அப்ப நீங்க யாரோட சண்டை போட்டீங்கன்னு இந்தக் குழாய்க்குத் தெரியாது.”

“ஏன் அகலமாகல?”

“முழுசா யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு துப்பு இருக்கு.” அவளுடைய இன்னொரு ஸ்லைடை வைத்தார். “கர்ப்பப்பையோட உள்சுவர் ஒரு நொதியைச் செய்யுது. கோரின்னு பேரு. நொதின்னா, ஒண்ணை நறுக்கி இன்னொண்ணா மாத்துற சின்னக் கருவின்னு வெச்சுக்கங்க. இது வழக்கமா இதயத்துல இருக்கும். அங்க ஒரு பொருளை நறுக்கி, ரத்தக்குழாயைத் தளர்த்துற மருந்தா மாத்தும். நம்ம உடம்பே செய்யுற பிரஷர் மாத்திரை. கர்ப்பம் ஆனதும் இந்தக் கருவியைக் கர்ப்பப்பையும் செய்ய ஆரம்பிக்குது, வழி திறக்குறதுக்கு. எலிகள்ல இதை இல்லாம பண்ணிப் பாத்தாங்க. குழாய் அகலமாகலை, பிரஷர் ஏறிடுச்சு. கோரின் இருக்கிற இடத்துலதான் இந்தச் சாயம் பிடிக்கும். உங்களுக்கு, பாருங்க, வெளிறித்தான் பிடிச்சிருக்கு.”

சத்யபிரியா வெளிறிய அந்தச் சாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் இதயம் செய்கிற கருவியைக் கர்ப்பப்பையும் செய்யக் கற்றுக்கொண்டது என்பதை அவளால் உடனே நம்ப முடியவில்லை. அவள் கோலம் போட்டுக்கொண்டும், பாத்திரம் தேய்த்துக்கொண்டும், பால்காரரோடு வழக்காடிக்கொண்டும் இருந்த நாட்களில், உள்ளே இத்தனை பேர் ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்து, அடையாளம் கேட்டு, வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

“இன்னும் ஒண்ணு காட்டணும். அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.” கோகிலவாணி சத்யபிரியாவின் நஞ்சில் பழுப்புச் சாயம் ஏற்றிய ஸ்லைடை வைத்து, மெல்ல நகர்த்தினார். வளையம், வளையம், வளையம். பிறகு, சட்டென்று, ஒரு குளம். சின்னதுதான். ஆனால் சுவர் மெலிந்து, வாய் விரிந்து, உள்ளே சிவப்பணுக்கள் நெருக்கியடித்து நின்றன. அதன் கரை நெடுகப் பழுப்புப் புள்ளிகள்.

“இங்க மட்டும் வந்து சேர்ந்துட்டாங்க. இந்த ஒண்ணை முழுசாத் திறந்திருக்காங்க. இன்னும் சிலது இது மாதிரி இருந்திருக்கும், நான் பாத்த துண்டுல இது ஒண்ணுதான். உங்க பொண்ணு எட்டாம் மாசம் வரைக்கும் குடிச்சது இந்த மாதிரி வழியிலதான்.”

அப்போதுதான் சத்யபிரியா அழுதாள். அழுதபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்; கண்ணீரில் குளம் ஆடியது, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

பின்னால் சுவரோரமாக நின்ற சௌந்திரம் பேசினார். “டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளுங்கம்மா.”

“வேலுமணிக்கு முந்தி எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. பையன். இப்படித்தான் மூஞ்சி ஊதுச்சு, கண்ணு இருட்டுச்சு. ஜன்னி கண்டு ஒதறி உழுந்துட்டேன். முழிச்சுப் பாக்கறப்ப பையன் இல்ல. அன்னிக்குக் காலையிலதானுங்க எங்கூட்டுக்காரர் கூடச் சண்டை கட்டுனேன், அம்மா ஊட்டுக்குப் போவோணும்னு. அல்லாரும் சொன்னாங்க, கோவத்துல ரத்தம் கொதிச்சு புள்ளையக் கொன்னுபோட்டேன்னு.” அவர் குரல் உடையவில்லை, பல வருஷம் மனதுக்குள் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப் போன வார்த்தைகள் அவை. “அப்ப, அது அதுனால இல்லீங்களா?”

வேலுமணி திரும்பினான். தனக்கு ஓர் அண்ணன் இருந்தது அவனுக்குத் தெரியாது.

கோகிலவாணி எழுந்து தன் நாற்காலியைக் காலி செய்தார். “இல்லைம்மா. உங்களுக்கும் இதேதான் நடந்திருக்கணும். வாங்க. வந்து உக்காருங்க.”

சௌந்திரம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை வைக்கத் தெரியாமல் தடுமாறினார். எதிர்ப்பக்கத்திலிருந்து சத்யபிரியா கை நீட்டி அத்தையின் நெற்றியைச் சரியான இடத்துக்கு நகர்த்தினாள்.

சௌந்திரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இந்தப் பொட்டுப் பொட்டா நிக்கறதுதான் அவீங்களா?” என்றார்.

“ஆமாங்கத்தை.”

“எனக்குள்ளயும் இருந்திருப்பாங்களா கண்ணு? என்ற பையனுக்கு வழி வெட்டப் பாத்திருப்பாங்களா?”

சத்யபிரியா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஆம் என்று தலையசைத்தார். “பாத்திருப்பாங்க அத்தை. முடியாம போயிருக்கும்” என்றாள் அவள்.

சௌந்திரம் கண்ணை எடுக்காமலே இரண்டு கைகளையும் கூப்பினார். அந்தக் கூப்பிய கைகள் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது கோகிலவாணி சில விஷயங்கள் சொன்னார். இப்படி ஒருமுறை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வர வாய்ப்பு கூடுதல். வருஷம் தவறாமல் பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பம் என்றால் தெரிந்த உடனே வந்துவிட வேண்டும்; ஆரம்பத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் பல பேருக்கு இது வராமல் தடுக்கலாம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இன்னொண்ணு, இதை நான் உறுதியா சொல்ல மாட்டேன். சில ஆய்வுகள்ல, புருஷன் பொண்டாட்டி ரொம்ப நாள் ஒண்ணா வாழ்ந்த பிறகு தங்குற கருவை உடம்பு சுலபமா ஏத்துக்குதுன்னு சொல்றாங்க. பழகிப்போகுமாம். அவ்வளவுதான்” என்றார்.

வேலுமணிக்குக் காது சிவந்துவிட்டது. சௌந்திரம் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார்.

குழந்தை வீட்டுக்கு வந்தது. தமிழினி என்று பெயர் வைத்தார்கள். முதல் வருஷம் முழுக்க எடைபோடுகிற நாளெல்லாம் வீட்டில் பரீட்சை நாள் மாதிரி இருக்கும். அப்புறம் ஓடத் தொடங்கியவளைப் பிடிப்பதுதான் பரீட்சையாக இருந்தது. இறந்த பையனுக்கு இத்தனை காலம் கழித்து ஓர் ஆடி அமாவாசையில் காவிரிக் கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டான் வேலுமணி. சௌந்திரம் அன்று படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். வீட்டில் ஊறுகாய் ஜாடி கீழே இறங்கியது, அளவோடு. யார் மேலாவது சத்யபிரியா எகிறினால் சௌந்திரம் அடுப்படியிலிருந்து, “கேளு சாமி, நல்லாக் கேளு” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். தெரு அதற்கும் ஒரு காரணம் தேடிக்கொண்டது.

வேலுமணி வடக்கே போகவில்லை. ராசிபுரம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் மட்டும் ஓடுகிற ஒரு வண்டியில் சேர்ந்தான். சம்பளம் குறைவுதான். சாயங்காலம் சேறும் புழுதியுமாக வீட்டுக்கு வந்து, மகளைத் தோளில் ஏற்றிக்கொள்வான். ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு, “இங்கயே தண்ணி இருக்குதுங்க” என்பான். சத்யபிரியாவிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தமிழினி பால்வாடிக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒருமுறை நாள் தள்ளியது. ரஞ்சனிதான் உறுதி செய்தாள். அந்த வாரமே சேலத்துக்குப் போய் அந்தச் சிறிய ஆஸ்பிரின் மாத்திரையைத் தொடங்கியாயிற்று. திரும்புகிற பஸ்ஸில் சத்யபிரியாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பாட்டுச் சத்தம், வாழைக்குலை, கல்லூரிப் பிள்ளைகளின் கூச்சல், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறுகிற கூட்டம். உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வாந்திகூட இல்லை. கையை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தாள்; அங்கே ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. ஆனால் இந்த நிமிடம், இந்த இரைச்சலுக்கு நடுவே, காவல்காரர்கள் வரத் தொடங்கியிருப்பார்கள். வந்திருப்பது யார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னுடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்த உடம்பு எவ்வளவு பெரியது! யாரோ “கொஞ்சம் தள்ளி உக்காருங்க அக்கா” என்றார்கள். தள்ளி உட்கார்ந்தாள், மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி.

மாதங்கள் போயின. ரஞ்சனி வாராவாரம் பட்டையைச் சுற்றினாள். கடைசியில் அழுத்தம் கொஞ்சம் ஏறிப் பயமுறுத்தியது. மாத்திரைக்குக் கட்டுப்பட்டு அங்கேயே நின்றது. மாதம் நிறைந்து, மழை விட்ட ஒரு காலையில் பையன் பிறந்தான். தொண்டை கிழிய அழுதான்.

துணியில் சுற்றி முகத்தைக் காட்டினார்கள். பார்த்தாள், சிரித்தாள். பிறகு தலையைத் தூக்கி, “அக்கா, நஞ்சு வந்திருச்சுங்களா? அதக் கொஞ்சம் காட்டுறீங்களா?” என்று கேட்டாள்.

பிரசவ அறைச் செவிலியருக்கு அது புதிது. “அதை யாரும் கேக்க மாட்டாங்களே!” என்றபடி தட்டை அருகே கொண்டுவந்து சாய்த்துக் காட்டினார்.

ஒரு தோசை அகலத்துக்கு வட்டமாக, கனமாக, ஈரத்தில் பளபளத்தது. ஒரு பக்கம் நீலமும் சிவப்புமாக நரம்புகள் நடுவிலிருந்து விளிம்புவரை கிளை விரித்து ஓடின. நஞ்சு என்று இதற்கு யார் பெயர் வைத்தார்களோ என்று நினைத்துக்கொண்டாள். செவிலியர் எடுத்துப் போகலாமா என்பது போலப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் இருக்கட்டுங்க” என்றாள் சத்யபிரியா. அறையின் அந்தப் பக்கம் பையன் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.